பதினொன்று அடித்த வயிறு

நேர்மை என்பது நிறுத்துப் பார்க்கக்கூடிய பொருள் என்றும், அதற்கு நிரந்தர முகவரி ஒன்று உண்டு என்றும், அந்த முகவரி எடை அளவு முத்திரை அலுவலகமே என்றும் உலகத்துக்கு முதன்முதலில் அறிவித்தது எடை அளவு முத்திரை அலுவலகம்தான். சொன்னால் போதுமா, ஆதாரம் வேண்டாமா என்று கேட்பவர்களுக்காக அங்கே ஒரு பதிவேடு இருந்தது. தோல் அட்டை, சிவப்பு நாடா, முந்நூறு பக்கம். மேலே 'கையும் களவுமாகப் பிடிபட்டோர்' என்று எழுதியிருக்கும். அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து முப்பத்தெட்டு ஆண்டுகளாக அதில் ஒரு எழுத்தும் விழவில்லை. வெளியிலிருந்து யாராவது பெரிய மனிதர் வந்தால் அதை எடுத்து, தூசு தட்டி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டுவார்கள். வந்தவர் வெற்றுத்தாளைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டுப் போவார்.

திருட்டே நடக்கவில்லை என்று அலுவலகம் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. யாரும் பிடிபடவில்லை என்றுதான் சொன்னது. பதினெட்டு நாற்காலிகளில் ஏழு மிச்சம். கூரையில் ஆறு கொக்கிகள். இரண்டில் மட்டும் மின்விசிறி. ஜன்னல்களுக்குக் கம்பி உண்டு, திரை இல்லை. ஆண்டறிக்கையின் மொழியில், இந்தப் பொருள்கள் 'இருப்பிலிருந்து தாமாகவே விலகிக்கொண்டன'. தட்டச்சர் வீட்டு ஜன்னலில் அதே பச்சை நிறத்தில் திரை ஆடுவதும், தலைமை எழுத்தர் வீட்டில் காற்றோட்டம் அபாரமாக இருப்பதும் தற்செயல் என்பதை நல்லெண்ணம் உள்ளவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

இப்படிப்பட்ட கோயிலுக்கு வாசற்காவல் பார்க்கும் பாக்கியம் பெற்றவர் ஒரு தற்காலிகக் காவலாளி. வேலைக்கு வந்து பத்தரை மாதம் ஆகிறது. பதினோரு மாதம் முடிந்தால் ஒன்று நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. அந்தக் கோப்பு கண்காணிப்பாளரின் மேசையில் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தாக வேண்டும். காவலாளியின் மனைவி 'நிரந்தரம் ஆயாச்சு' என்று தன் அண்ணனிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். எனவே நிரந்தரம் ஆகாமல் இருக்க வழியே கிடையாது.

காவலாளியிடம் ஒரு குறை இருந்தது. விதிப்புத்தகம் படித்திருந்தார். அவருடைய அறையில் நாற்காலி விலகிக்கொண்டுவிட்டதால், பழைய விதிப்புத்தகங்களை அடுக்கித்தான் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து சலித்த ஒரு பகலில் மேலே இருந்ததைப் பிரித்தார். பதினான்காம் விதியில் மனதைப் பறிகொடுத்தார்.

'திருடியவர் எனக் கருதப்படுபவர், திருடப்பட்டது எனக் கருதப்படும் பொருளுடன், பிடிபட்ட இடத்திலேயே, பிடிபட்ட நிலையிலேயே, கையும் பொருளும் பிரியாவண்ணம், விசாரணை அதிகாரியின் கண்ணில் படும்வரை நிறுத்திவைக்கப்பட வேண்டும். கை பிரிந்தால் களவு கலைந்ததாகக் கொள்ளப்படும்.'

என்ன அழகான விதி என்று வியந்தார். மனிதனைப் பற்றி எவ்வளவு தெரிந்த ஒருவர் இதை எழுதியிருக்க வேண்டும். அவர் வியந்தது வீண்போகவில்லை. புதன்கிழமை காலை அந்த விதி தன் கால்களாலேயே நடந்து வாசலுக்கு வந்தது.

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. கண்காணிப்பாளர் மழைக்கோட்டு அணிந்து, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு பெரிய வயிற்றை இரண்டு கையாலும் தாங்கியபடி படியிறங்கி வந்தார். காவலாளி விறைத்து நின்று வணக்கம் வைத்தார். கண்காணிப்பாளரின் ஒரு கால் வாசற்படியைத் தாண்டியது.

அப்போது வயிறு மணி அடித்தது.

ஒன்று, இரண்டு என்று நிதானமாக, வெண்கலக் குரலில் அடித்தது. நடுவில் நடப்பது மரியாதை இல்லை என்பதுபோல இருவரும் அசையாமல் நின்றார்கள். பதினொன்று அடித்து முடிந்தபின்தான் கண்காணிப்பாளர் வாயைத் திறந்தார்.

"வயிறு சரியில்லப்பா."

"சரியாத்தான் சார் இருக்கு. என் வாட்ச்லயும் பதினொண்ணுதான்."

கூடத்துச் சுவரில் முப்பத்தெட்டு ஆண்டுகளாகத் தொங்கிய கடிகாரம் அது. தேக்குப் பெட்டி, வெண்கல முகம், ஒன்பது கிலோ. வாரம் ஒருமுறை சாவி கொடுப்பது காவலாளியின் வேலை. திங்கட்கிழமை கடமை தவறாமல் கொடுத்திருந்தார். தவறியிருந்தால் கண்காணிப்பாளர் நிம்மதியாகப் போயிருப்பார், இந்தக் கதையும் பிறந்திருக்காது.

"ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போறேன்," என்றார் கண்காணிப்பாளர்.

"நல்லாத்தானே சார் ஓடுது."

"நல்லா ஓடுறப்பவே ரிப்பேர் பாத்துடணும். அப்புறம் நின்னுடுச்சுன்னா?"

காவலாளிக்கு வெள்ளிக்கிழமையும், கோப்பும், மைத்துனர் முகமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்து போயின. கடைசியில் பதினான்காம் விதி வந்தது. அதுதான் போகவில்லை.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க பிடிபட்டுட்டீங்க. அப்படியே நில்லுங்க. கையை மட்டும் எடுத்துடாதீங்க."

சத்தம் கேட்டுத் தலைமை எழுத்தர் வந்தார். விதிகளில் கரை கண்டவர். மேலதிகாரியின் கோட்டுக்குள்ளிருந்து தேக்குப் பெட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டும் அவர் முகம் மாறவில்லை. முழக்கோலை எடுத்துவந்து குனிந்து, வாசற்படிக்கும் கண்காணிப்பாளரின் செருப்புக்கும் இடையே அளந்தார்.

"வெளிக்கால் பதினேழு அங்குலம். களவு ஆரம்பிச்சாச்சு, ஆனா முடியல. சார், உள்கால எடுத்துடாதீங்க."

"யோவ், எனக்குக் கால் வலிக்குதுய்யா."

"நிலை மாறக் கூடாது சார். நாளைக்கு உங்களுக்கே அது பாதகமாப் போயிடும்."

உடனே விசாரணை அதிகாரிக்கு அறிக்கை தயாரானது. தட்டச்சர் அடித்தார். ஆனால் அந்த அலுவலகத்திலிருந்து வெளியே போகும் எந்தத் தாளும் கண்காணிப்பாளர் வழியாகத்தான் போக வேண்டும். எனவே, கண்காணிப்பாளர் கடிகாரம் திருடிய செய்தி கண்காணிப்பாளரின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவர் கடிகாரத்தை இடது கையில் இடுக்கிக்கொண்டு படித்தார். 'கண்கானிப்பாளர்' என்று அடித்திருந்த இடத்தைத் திருத்தினார். 'பரிந்துரையுடன் அனுப்பப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தன்மீதான குற்றச்சாட்டிலும் எழுத்துப்பிழை பொறுக்காத அதிகாரி வேறெங்கே கிடைப்பார்?

விசாரணை அதிகாரி தெருக்கோடியில் 'அலுவலர்களும் அறமும்' என்ற கருத்தரங்கில் உரையாற்றிக்கொண்டிருந்தார். சாப்பிட்டுவிட்டு வருவதாகப் பதில் வந்தது.

மணி பன்னிரண்டு அடித்தது. கண்காணிப்பாளர் ஒவ்வொரு அடிக்கும் குலுங்கினார். ஒன்று அடித்தபோது அவர் கைகள் நடுங்க ஆரம்பித்தன.

"எனக்குச் சக்கரை இருக்கு. மாத்திரை போட்டு உடனே சாப்பிடணும். நான் இங்கயே மயக்கம் போட்டு விழுந்தா யாருய்யா பொறுப்பு?"

தலைமை எழுத்தர் யோசித்தார். "நீங்க விழுந்தா கடிகாரமும் விழும். கையும் பொருளும் பிரிஞ்சிடும். களவு கலைஞ்சிடும்."

"கடிகாரத்தப் பத்திதான் கவலையா?"

"களவப் பத்தி சார்."

அப்போதுதான் அந்த அலுவலகத்தின் தலைசிறந்த மரபு கைகொடுத்தது. எடைக்கல்லில் குத்தும் முத்திரை அச்சு ஒன்று அங்கே உண்டு. அதை மேசையில் வைக்கக் கூடாது. வைத்தால் போகிற வருகிறவரெல்லாம் எடுத்துக் குத்திவிடுவார்கள் என்று பயம். ஆகவே ஒருவர் கையிலிருந்து நேராக இன்னொருவர் கைக்குத்தான் போகும். வாங்குகிறவர் கைமாற்றுப் புத்தகத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திடுவார். அச்சை இடது கையில் வைத்துக்கொண்டே சாப்பிட்டு, ஓய்வு பெறும்வரை வலது கையை மட்டுமே நம்பி வாழ்ந்த பரிசோதகர்கள் உண்டு.

"அச்சுக்குப் பொருந்துறது கடிகாரத்துக்குப் பொருந்தாதா?" என்றார் தலைமை எழுத்தர். "கை மாறலாம். ஆனா கை விடக் கூடாது. சாருக்குப் பதிலா இன்னொருத்தர் அதே இடத்துல, அதே மாதிரி, ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய நிக்கணும். களவு அப்படியே இருக்கும். சார் சாப்பிட்டு வந்து திரும்ப வாங்கிக்கலாம்."

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். தலைமை எழுத்தருக்கு முதுகுவலி. தட்டச்சருக்கு மணிக்கட்டு வலி. கடைசியில் எல்லோரும் காவலாளியைப் பார்த்தார்கள். அவருக்கு என்ன வலி என்று யாரும் கேட்கவில்லை.

காவலாளிக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் விதியைக் கையில் எடுத்தவர் அவர்தானே. கடிகாரத்தை எடுக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கீழே வைத்தால் காலையிலிருந்து காத்த களவு வீண். புத்தகம் நீட்டப்பட்டது. வேலை கிடைத்த அன்று மனைவி வாங்கிக் கொடுத்த பச்சை மூடிப் பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். 'கடிகாரம் ஒன்று பெற்றுக்கொண்டேன்' என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடிகாரம் அவர் நெஞ்சுக்கு வந்தது. மழைக்கோட்டும் தோளுக்கு வந்தது, நிலை மாறக் கூடாது அல்லவா.

"அரை மணி நேரத்துல வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுக் கண்காணிப்பாளர் கைகளை உதறியபடி போனார். கொஞ்ச நேரத்தில் தலைமை எழுத்தரும் போனார். மரபு காப்பாற்றப்பட்ட திருப்தியில் அவருக்கு நன்றாகப் பசித்தது.

வெயில் வெளிக்காலில் மட்டும் அடித்தது. சட்டைப்பையில் கைப்பேசி அலறியபோது காவலாளியால் எடுக்க முடியவில்லை. தட்டச்சர்தான் எழுந்து வந்து எடுத்து, அவர் காதில் பிடித்தார்.

"அண்ணே, வீட்ல இருந்து."

"ஏங்க, சாப்ட்டீங்களா?" என்றாள் மனைவி.

"இல்ல. ஒரு திருட்டப் பிடிச்சிருக்கேன்."

"யார?"

"எங்க கண்காணிப்பாளர."

மறுமுனையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"அவருதானே உங்க கோப்புல கையெழுத்து போடணும்?"

"ஆமா."

"அவரு இப்ப எங்க?"

"சாப்பிடப் போயிருக்காரு."

"திருடன் சாப்பிடப் போயிட்டான், பிடிச்சவரு நின்னுட்டு இருக்கீங்க. டிக் டிக்னு சத்தம் கேக்குதே, திருடினது கடிகாரமா? அது எங்க இருக்கு?"

"என் கையில."

"ஏங்க, அத மொதல்ல கீழ வைங்க."

"வச்சா களவு கலைஞ்சிடும்."

"கலையட்டுமே. அது என்ன நாம போட்ட கோலமா? வச்சிட்டுத் தள்ளி நில்லுங்க. எங்க அண்ணனே இவ்வளவு யோசிக்க மாட்டான்."

மைத்துனரின் அறிவோடு ஒப்பிடப்பட்டது காவலாளிக்குப் பிடிக்கவில்லை. "உனக்கு விதி தெரியாது," என்றார்.

"எனக்கு உங்களத் தெரியும்," என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

தட்டச்சர் கைப்பேசியை அவர் பையில் திரும்பப் போட்டார். "அண்ணே, அக்கா சொல்றதும்..." என்று ஆரம்பித்து, தெருவைப் பார்த்து, அப்படியே முடித்துக்கொண்டார். தெருவில் விசாரணை அதிகாரியின் வண்டி வந்துகொண்டிருந்தது.

வண்டியிலிருந்து முதலில் இறங்கியவர் விசாரணை அதிகாரி. அவருக்குப் பின்னால் பல்குத்திக்கொண்டே இறங்கியவர் கண்காணிப்பாளர். சாப்பிட்ட இடம் ஒன்றாகிவிட்டதால், வந்த வண்டியும் ஒன்றாகிவிட்டது. தலைமை எழுத்தர் எங்கிருந்தோ கைமாற்றுப் புத்தகத்துடன் தோன்றினார்.

காவலாளியின் நெஞ்சில் மணி மூன்று அடித்தது.

விசாரணை அதிகாரி நின்றுவிட்டார். அவர் முகத்தில் படர்ந்த பரவசத்தைப் பார்த்திருக்க வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகள் விசாரித்திருக்கிறார். எப்போது போனாலும் தரையில் கிடந்த பொருளும், தெரியாது என்ற பதிலும்தான் கிடைத்தன. இதோ மழையில்லாத நாளில் மழைக்கோட்டு. நெஞ்சோடு அணைத்த கடிகாரம். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. பாடப்புத்தகத்தில் படம் போட்டதுபோல ஒரு திருடன்.

"இதுதான்யா கையும் களவும்," என்றார் தழுதழுத்த குரலில். "அசையாத. அப்படியே நில்லு."

"சார், நான் இல்ல சார். இவருதான்," என்றார் காவலாளி. கை காட்ட முடியாததால் தாடையால் காட்டினார்.

விசாரணை அதிகாரி கண்காணிப்பாளரைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். "இவர் கையில ஒண்ணும் இல்லையே."

"காலையில இருந்துச்சு சார்."

"காலையில நான் வந்தேனா? விதி என்ன சொல்லுது? விசாரணை அதிகாரியோட கண்ணுல படணும். என் கண்ணுல யார் படுறா?"

"நான்தான் சார். ஆனா இது பதில் கை. புத்தகத்துல எல்லாம் இருக்கு."

புத்தகம் திறக்கப்பட்டது. விசாரணை அதிகாரி உரக்கப் படித்தார். "'கடிகாரம் ஒன்று பெற்றுக்கொண்டேன்.' யார் கையெழுத்து?"

"என்னுது சார்."

"அடிச்சு மிரட்டி வாங்கினாங்களா?"

"இல்ல சார். முறைப்படிதான்."

"முறைப்படி ஒத்துக்கிட்டார்னு குறிச்சுக்குங்க."

தலைமை எழுத்தர் குறித்துக்கொண்டார். தலைகுனிந்து மிகவும் கவனமாக எழுதினார். விதியை மீறி ஒரு சொல் கூடச் சேர்க்கவில்லை, விதியை மீறி யாரையும் காப்பாற்றவும் இல்லை.

"அப்ப அந்த அறிக்கை சார்? தட்டச்சர் அம்மா அடிச்சாங்க. அதுல பேரு இருக்கே."

"அந்த அறிக்கையில கையெழுத்து போட்டது யாரு? கண்காணிப்பாளர். திருடினவன் தன் மேல தானே புகார் எழுதி, எழுத்துப்பிழையும் திருத்தி அனுப்புவானா? இதுலயே அவர் யோக்கியதை தெரியலையா?"

இந்த வாதத்தையும் தலைமை எழுத்தர் குறித்துக்கொண்டார். பிறகு தட்டச்சர் அழைக்கப்பட்டார்.

"அம்மா, பதினோரு மணிக்கு நீங்க என்ன பாத்தீங்க?"

தட்டச்சர் திரையில்லாத ஜன்னலைப் பார்த்தார். "கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு இருந்தேன் சார்."

"இப்ப போட்டிருக்கீங்க. இப்ப என்ன தெரியுது?"

அவர் காவலாளியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். காவலாளியின் பிடி தளரவில்லை.

"அண்ணன் கையில கடிகாரம் இருக்கு," என்றார் தட்டச்சர், தனக்கே கேட்காத குரலில்.

கண்காணிப்பாளர் முன்வந்தார். பெருந்தன்மை என்றால் அதுதான். "சார், போலீசெல்லாம் வேணாம். குடும்பஸ்தன். இன்னிக்குக் காலையிலதான் இவன நிரந்தரம் பண்ணலாம்னு கையெழுத்துப் போட்டு வச்சேன். நேர்மையானவன்னு என் கையாலயே எழுதினேன். மனசு கேக்கல சார்." கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். உண்மையிலேயே எழுதியிருந்தார். 'நேர்மையானவர். கண்ணும் கருத்துமாக வாசலைக் காப்பவர்.' மசி காய்ந்திருந்தது. கடிகாரத்தைத் தூக்குவதற்கு முன்னால் எழுதியிருக்க வேண்டும். அந்தத் தாளை உருவி எடுத்து, மேலும் காயம் வேண்டாம் என்பதுபோல மெதுவாகக் கிழித்தார்.

விசாரணை அதிகாரி பணிநீக்க ஆணை எழுதப் பேனா கேட்டார். வைத்திருந்தவர்கள் யாரும் நீட்டவில்லை, அலுவலகப் பேனாக்கள் என்றைக்கோ விலகிக்கொண்டிருந்தன. காவலாளியின் சட்டைப்பையிலிருந்து பச்சை மூடி எட்டிப் பார்த்தது. அதை எடுத்து எழுதினார், மூடியைத் திருகினார், தன் பையில் செருகிக்கொண்டார்.

"சார், அது என் பேனா," என்றார் காவலாளி.

"எது?"

"உங்க பையில இருக்கறது."

விசாரணை அதிகாரி தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். வெறுங்கை. "கையில இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? வேலைய விட்டுப் போறப்ப யார் மேலயாவது பழி போட்டுட்டுப் போகாதப்பா."

இனிக் கடிகாரம் சான்றுப்பொருள். இப்படித் திருட்டு நடக்கிற அலுவலகத்தில் அதை எப்படி வைக்க முடியும்? பொறுப்பான அலுவலர் ஒருவரின் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்று விசாரணை அதிகாரி ஆணையிட்டார். பொறுப்பான அலுவலர் யார் என்று நெடுநேரம் ஆராய வேண்டியிருக்கவில்லை. "இப்ப கைய எடுக்கலாம்," என்று தலைமை எழுத்தர் அனுமதி கொடுத்தபின் காவலாளி கைகளைப் பிரித்தார். அவை மடங்கியபடியே இருந்தன. கொஞ்ச நேரம் காற்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன.

கடிகாரம் வண்டியின் பின்னிருக்கையில் ஏறியது. வெளியே கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு முறைப்படி எழுதப்பட்டது. வாசற்கதவைத் திறந்துவிடுவது காவலாளியின் வேலை. ஆணையில் பணிநீக்கம் மாலை ஐந்து மணி முதல் என்று இருந்ததால் அவரே திறந்துவிட்டார். பழக்கதோஷத்தில் வணக்கமும் வைத்தார்.

ஐந்து மணிக்கு அவர் தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது தலைமை எழுத்தர் வாசலில் காத்திருந்தார். கையில் தோல் அட்டை, சிவப்பு நாடா.

"தப்பா நினைக்காத. பையப் பாக்கணும். முறை."

அந்த வாசலில் ஒரு பை சோதிக்கப்படுவது அதுவே முதல் தடவை. தலைமை எழுத்தர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். திறக்காத சாப்பாட்டு டப்பா. ஒரு துண்டு. ஒரு குடை. பையைத் தலைகீழாக உதறினார். வேறெதுவும் விழவில்லை. மறுபடியும் உதறினார். அவருக்கே நம்ப முடியவில்லை.

"என்னப்பா, பத்தரை மாசமா இங்க என்னதான் பண்ணின?" என்று கேட்டார்.

காவலாளி டப்பாவைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். தலைமை எழுத்தர் பதிவேட்டைப் பிரித்து, முதல் பக்கத்தில், முதல் வரியில், 'கையும் களவுமாகப் பிடிபட்டோர்' என்ற தலைப்பின் கீழே அவருடைய பெயரைத் தெளிவாக எழுதினார். பக்கத்துக் கட்டத்தில் 'அவரிடமிருந்த அலுவலகப் பொருள்கள்' என்று இருந்தது. விதிப்படி அதையும் நிரப்பியாக வேண்டும்.

'ஒன்றுமில்லை' என்று எழுதினார். முப்பத்தெட்டு ஆண்டுகளில் அந்த அலுவலகத்தில் யாரைப் பற்றியும் அப்படி எழுத முடிந்ததில்லை.